கார் பேசுகிறது, யாரிடம்? கேள்வி - பதில்

கே: புது கார் எடுத்தேன். 'இது கனெக்டட் கார் சார்' என்று ஷோரூமில் பெருமையாகச் சொன்னார்கள். எதை எதோடு கனெக்ட் செய்கிறது? (சேலம்)

ப: உங்கள் காரைக் கம்பெனியின் சர்வரோடு. வண்டிக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, என்ன வேகம், எத்தனை முறை பிரேக்கை அழுத்தி மிதித்தீர்கள், பெல்ட் போட்டீர்களா, டயரில் காற்று எவ்வளவு என்பதெல்லாம் அதன் வழியாகப் போக முடியும். ஃபோனை புளூடூத்தில் சேர்த்தால் உங்கள் காண்டாக்ட் பட்டியலும் வண்டிக்குள் ஏறிக்கொள்ளும். எந்தக் கம்பெனி எதை எடுக்கிறது என்பது, ஆப்பில் நீங்கள் 'சம்மதம்' என்று தட்டிய அந்த நீளமான பக்கத்தில் இருக்கிறது. மாலையும் எலுமிச்சம்பழமும் தயாராக இருக்கும் டெலிவரி நேரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? பல இடங்களில் விற்பனையாளரே நம் ஃபோனை வாங்கித் தட்டிக் கொடுத்துவிடுகிறார். கீழே வரும் கேள்விகளில் பாதி அந்த ஒரு தட்டலில் தொடங்கியவை.

கே: கார் என் பணத்தில் வாங்கியது. அது தரும் டேட்டா என் சொத்துதானே? (மதுரை)

ப: 'சொத்து' என்று வழக்குப் போட்டால் தோற்பீர்கள். நிலத்துக்குப் பட்டா இருப்பது போலத் தரவுக்குப் பெரும்பாலான நாடுகளில் தெளிவான உடைமைச் சட்டம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதை யோசித்துத்தான் சொத்து என்ற பேச்சையே விட்டுவிட்டு, 'யார் பார்க்கலாம், யாரிடம் கொடுக்கலாம், யார் மறுக்கலாம்' என்று சட்டம் எழுதியது. நம் சண்டையும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேப் நம் கையில் கொடுக்கிறது. நாம் விரும்பிய டாக்டரிடம் கொண்டு போகிறோம். அந்த லேப்காரரே எதிரில் ஒரு கிளினிக்கும் வைத்துக்கொண்டு, 'ரிப்போர்ட் வேண்டுமானால் என் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்' என்றால் ஒப்புக்கொள்வோமா? கார் கம்பெனிகள் இன்று கேட்பது அதைத்தான்.

கே: ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு இன்சூரன்ஸ் குறையும் என்கிறார்களே. டேட்டா கொடுப்பதில் என்ன நஷ்டம்? (திருச்சி)

ப: நீங்கள் கொடுப்பது வேறு, உங்களிடமிருந்து எடுப்பது வேறு. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் செவர்லே போல்ட் ஓட்டும் ஒருவர். தன் தவறால் ஒரு விபத்தும் நடந்ததில்லை என்பவர். அவருடைய பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. ஏன் என்று கேட்டபோது, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் நிறுவனத்தின் அறிக்கையும் ஒரு காரணம் என்றார்கள். அதை வரவழைத்தார். 258 பக்கம். அதில் 130 பக்கத்துக்கு மேல், முந்தைய ஆறு மாதங்களில் அவரும் அவர் மனைவியும் காரில் போய்வந்த 640 பயணங்கள். ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை: 7.33 மைல், 18 நிமிடம், இரண்டு முறை வண்டியை வேகமாகக் கிளப்பியது, இரண்டு முறை பிரேக்கை அழுத்திப் பிடித்தது.

அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். பிரேக் பிடித்தது இருக்கிறது. ஏன் பிடித்தார் என்பது இல்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து, அதைக் காப்பாற்றப் பிடித்திருந்தாலும் கணக்கில் அது குற்றம்தான். அதைவிட மோசம், இப்படி ஒரு கணக்கு ஓடுவதே அவருக்குத் தெரியாது.

தயாரிப்பாளரான ஜெனரல் மோட்டார்ஸ், 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற வசதியின் பெயரில் இதைச் சேகரித்து விற்றது. வழக்குகள் வந்ததும் அந்த வசதியையே மூடியது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தபோது, சில தகவல்கள் மூன்று விநாடிக்கு ஒரு முறை எடுக்கப்பட்டதாகச் சொன்னது. இடம், ஓட்டும் விதம் பற்றிய தகவலை இத்தகைய அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் தரக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

நம் நாட்டிலும் ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் வைத்து பிரீமியம் கணக்கிடும் பாலிசிகளுக்கு, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி தந்தது. குறைவாக ஓட்டுகிறவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கணக்கை நான் பார்க்க முடியுமா? தப்பாக இருந்தால் திருத்த யாரிடம் போக வேண்டும்? பதில் வராவிட்டால் பழைய பாலிசியிலேயே இருங்கள்.

கே: மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்? (நாகர்கோவில்)

ப: 2024 டிசம்பரில் ஜெர்மனியில் தெரியவந்த விஷயத்தைக் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட், சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவலை அமேசான் கிளவுடில் சரியான பாதுகாப்பு இல்லாமல் வைத்திருந்தது. அவற்றில் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் கார்கள் எங்கே நின்றன என்ற விவரம் துல்லியமாக இருந்தது. சிலவற்றுக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு. அரசியல்வாதிகளின் கார்களும் ஹாம்பர்க் போலீசின் கார்களும் அதில் அடக்கம். ஹேக்கர்களின் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் கண்டுபிடித்துக் கம்பெனிக்குச் சொன்னதால் அடைத்தார்கள். கெட்டவன் ஒருவன் முதலில் கண்டுபிடித்திருந்தால்? உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, சரி. உங்கள் மகள் தினமும் மாலை எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் காரை நிறுத்துகிறாள் என்பது?

கே: முப்பது வருஷமாக மெக்கானிக். இப்போது வருகிற சில வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால் எரர் கோடு படிக்கிறது. ஆனால் அழிக்க விடமாட்டேன் என்கிறது. 'கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போ' என்று கஸ்டமரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் ஸ்கேனரில் கோளாறா? (ஈரோடு)

ப: பெரும்பாலும் ஸ்கேனரில் இல்லை, ஐயா. வண்டிக்குள் பூட்டு போட்டிருக்கலாம். அந்தப் பூட்டின் கதையைச் சொல்கிறேன்.

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டில் உட்கார்ந்தபடி லேப்டாப்பால் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஸ்டீயரிங் பிடித்திருந்த பத்திரிகையாளர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. 14 லட்சம் வண்டிகளை, ஜீப்பின் தயாரிப்பாளரான ஃபியட் கிரைஸ்லர் திரும்ப அழைத்தது. அதன் பிறகு உள்ளே 'செக்யூர் கேட்வே' என்ற தடுப்பை வைத்தது. தடுப்பு வைத்தது சரி. ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி போர்ட்டும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் போனது. ஆய்வாளர்கள் நுழைந்தது மொபைல் நெட்வொர்க் வழியாக. வெளியே நிறுத்தப்பட்டவர் ஸ்பேனரோடு வந்த மெக்கானிக்.

இப்போது கோடு படிக்கலாம். ஆனால் அதை அழிக்க, பாகத்தை இயக்கிப் பார்க்க, கேமராவை மறுபடி அளவு திருத்த வேண்டுமென்றால் கம்பெனியிடம் பதிவு செய்து, பணம் கட்டி, இணையம் வழியாக அவர்கள் சர்வரோடு ஸ்கேனரை இணைக்க வேண்டும். ஜெர்மனியில் ஏ.டி.யு. என்ற ஒர்க்‌ஷாப் நிறுவனமும், கண்ணாடி மாற்றும் கார்கிளாஸும் ஃபியட் கிரைஸ்லரை கொலோன் நீதிமன்றத்துக்கு இழுத்தன. கண்ணாடிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவை மறுபடி சரிசெய்யாமல் வண்டியை வெளியே விட முடியாது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது: சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளைத் தயாரிப்பாளர் தன்னிஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது.

நம் பக்கமும் ஒரு முன்னுதாரணம் உண்டு. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஓர் ஆணையம் விசாரித்து எழுதிவைத்திருக்கிறது. உங்கள் சங்கத்தில் அதை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு குறை: அது வயர் மாட்டிய காலத்து உத்தரவு. சிம் வழியாகப் பறக்கும் தகவலுக்கு அப்படி ஒன்று இன்னும் நம்மிடம் இல்லை.

கே: வெளி மெக்கானிக்குக்கும் தகவல் தர வேண்டும் என்று எங்கள் மாசசூசெட்ஸில் வாக்கெடுப்பே நடந்ததே? (பாஸ்டன்)

ப: இரண்டு முறை நடந்தது. 2012இல் ஜெயித்த சட்டம், வயர்லெஸ் தகவலைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டது. கம்பெனிகள் ஓட்டையைப் பார்த்துக்கொண்டன. 2020இல் உங்கள் மக்கள் அதை அடைக்க, சுமார் 75 சதவீதம் பேர் 'சரி' என்று குத்தினார்கள். இத்தனைக்கும் எதிர்ப் பிரசாரம் சாதாரணமானதல்ல. மெக்கானிக்குக்குத் தகவல் கொடுத்தால் பெண்களைப் பின்தொடர்பவன் கையில் அது சிக்கும் என்று டி.வி.யில் மிரட்டினார்கள். தேர்தல் முடிந்த அதே நவம்பரில் கார் தயாரிப்பாளர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2023 ஜூனில் மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பே கம்பெனிகளிடம் 'இந்தச் சட்டத்தைப் பின்பற்றாதீர்கள்' என்று கடிதம் எழுதியது. இரண்டு மாதத்தில் இறங்கிவந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று புளூடூத் போன்ற குறுந்தொலைவு இணைப்பில் எடுத்தால் ஆபத்தில்லை என்றது. வழக்கை 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நடுவில் சுபாருவும் கியாவும் உங்கள் மாநிலத்தில் புதிய கார்களுக்குக் கம்பெனி சர்வரோடு இணைக்கும் வசதியையே நிறுத்திவைத்தன. விபத்தில் உதவி கூப்பிடும் வசதியும் அதோடு போனது. மெக்கானிக்குக்குப் பங்கு கொடுப்பதைவிட, வாடிக்கையாளருக்கே ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்த அந்தச் செயல் என்னைக் கோபப்படுத்துகிறது. பாதுகாப்பு அவர்களுக்கு எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்பதை அதுவே காட்டிவிட்டது.

கே: சிம்மையே பிடுங்கிப் போட்டால்? (விழுப்புரம்)

ப: வேண்டாம். விபத்தில் மயங்கிக் கிடக்கும்போது கூப்பிடப் போவது அதுதான். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல் கார்களில் 'இகால்' கட்டாயம். காற்றுப்பை விரிந்தால் வண்டியே அவசர உதவி எண் 112ஐ அழைத்து இடத்தைச் சொல்லும். மற்ற நேரங்களில் அது வண்டியைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். உயிரைக் காக்க நாள் முழுக்க வேவு பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கே: இங்கே ஐரோப்பாவில் 'டேட்டா ஆக்ட்' வந்துவிட்டது. நிஜமாகவே பயன் உண்டா? (ஸ்டுட்கார்ட்)

ப: உண்டு, கேட்கிறவருக்கு. 2025 செப்டம்பர் 12 முதல் அது அமலில் இருக்கிறது. கார், டிராக்டர், வாஷிங் மெஷின் என இணைப்புள்ள எந்தப் பொருளானாலும், அதைப் பயன்படுத்துகிறவர் அது உண்டாக்கும் தகவலைக் கேட்டால் இலவசமாக, தாமதமின்றி, கம்பெனிக்குக் கிடைக்கும் அதே தரத்தில் தர வேண்டும். முடிந்த இடங்களில் உடனுக்குடன். 'என் மெக்கானிக்குக்குக் கொடு' என்றாலும் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால் சிறு, நடுத்தரத் தொழில்களிடம் அடக்கச் செலவுக்கு மேல் கூடாது. 2026 செப்டம்பர் 12க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்கள், தகவல் எளிதில் கிடைக்கும்படியே வடிவமைக்கப்பட வேண்டும். தனிநபர் சாராத தகவலைக்கூட உங்களோடு ஒப்பந்தம் இருந்தால்தான் கம்பெனி பயன்படுத்தலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த பிரிவு.

ஓட்டைகளும் இருக்கின்றன. கம்பெனி தன் மூளையைப் போட்டுக் கணித்தெடுத்த தகவல் இதில் வராது. 'பிரேக் பேட் இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் தாங்கும்' என்ற கணிப்பு அவர்களுடையது என்று வாதிட இடம் இருக்கிறது. மெக்கானிக்குக்குத் தேவையோ பெரும்பாலும் அதுதான். வணிக ரகசியம் என்று சொல்லி, விதிவிலக்கான நேரங்களில் மறுக்கவும் வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், தகவல் வருவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் சர்வர் வழியாக. எந்த மெக்கானிக் எந்த வண்டியைப் பற்றி எப்போது கேட்டார் என்பதை அவருடைய போட்டியாளரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கார்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சுயேச்சை ஒர்க்‌ஷாப்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இதற்காகத்தான். ஐரோப்பிய ஆணையம் கார் தகவலுக்குத் தந்தது வழிகாட்டுதல் மட்டும்.

நீங்கள் கார் ஊரிலேயே இருக்கிறீர்கள். சும்மா இருக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், என்ன வந்தது, எதை மறுத்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: வெளியே கொடு என்றால் கூகுளும் ஆப்பிளும் அள்ளிக்கொண்டு போகாதா? (கோவை)

ப: அதை யோசித்துவிட்டார்கள். ஐரோப்பா 'வாயிற்காவலர்' என்று பட்டியலிட்ட பெருநிறுவனங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்பாகத் தகவல் வாங்க முடியாது.

கே: சீனாவில்? (காரைக்குடி)

ப: 2021 அக்டோபர் 1 முதல் தனி விதிகள். தகவலை முடிந்தவரை வண்டிக்குள்ளேயே வைத்து முடி, ஓட்டுநர் சொல்லாத வரை சேகரிக்காதே, முக்கியத் தகவலை நாட்டுக்குள் வை என்கிறார்கள். முதல் இரண்டையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். அங்கே அரசிடமிருந்து காப்பாற்ற யாரும் இல்லை என்பதை மட்டும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கே: நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? (சென்னை)

ப: பாதி சொல்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் எடுக்காதே, கேட்டால் அழி, தப்பைத் திருத்து என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஆனால் 'என் தகவலை எடுத்து இன்னொருவரிடம் கொண்டுபோவேன்' என்ற உரிமை அதில் இல்லை. 2019 மசோதாவில் அது இருந்தது. சட்டமாக வந்தபோது காணோம். ஆக, நம்மால் கம்பெனியிடம் 'எடுக்காதே' என்று சொல்ல முடியும். 'எடுத்ததை என் ஈரோட்டு மெக்கானிக்குக்குக் கொடு' என்று சொல்ல முடியாது.

அரசே ஒழுங்கா என்று கேட்டால், 2019இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவலை மொத்தமாக விற்கக் கொள்கை வகுத்து, வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று விலையும் வைத்தது. எதிர்ப்பு வந்து 2020இல் கைவிட்டது. கைவிட்டதற்கு நன்றி. ஆனால் ஆர்.சி. புத்தகத்துக்கு அன்று வைத்த விலையை, காரின் ஒவ்வொரு நகர்வுக்கும் நாளை யாரும் வைக்காமல் இருக்கச் சட்டம் வேண்டும்.

என்ன சட்டம் என்றும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்கான சம்மதமும் இன்சூரன்ஸ்காரனுக்கு விற்பதற்கான சம்மதமும் ஒரே பொத்தானில் இருக்கக் கூடாது. இரண்டாவதை மறுத்தால் முதலாவது நிற்கக் கூடாது. பழுதுத் தகவல் வண்டியிலிருந்து நேராகவோ, தயாரிப்பாளர் கையில் இல்லாத நடுநிலை சர்வரிலிருந்தோ, கம்பெனி சர்வீஸுக்குக் கிடைக்கும் அதே நிமிடத்தில் வெளியாருக்கும் கிடைக்க வேண்டும். திருடனைத் தடுக்க மெக்கானிக்கின் அடையாளத்தைச் சோதிக்கலாம், அதைச் செய்வது ஓர் அரசு அமைப்பாக இருக்கட்டும். போட்டிக் கடைக்காரர் அல்ல. இதில் எதுவும் தொழில்நுட்பத்தால் முடியாதது இல்லை.

கே: கணவரைப் பிரிந்து வந்துவிட்டேன். கார் நான் ஓட்டுகிறேன். ஆப் அவர் ஃபோனில். எங்கே போனாலும் தெரிந்துவிடுகிறது. (ஊர் வேண்டாம்)

ப: சகோதரி, முதலில் ஒன்று: பாதுகாப்பான இடத்துக்கு அந்தக் காரில் போகாதீர்கள், போகிற இடம் அவருக்குத் தெரிந்துவிடும். 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். இணைப்பைத் துண்டிக்குமுன்னும் அவர்களோடு பேசிவிடுங்கள். திடீரென்று நின்றால் அவர் புரிந்துகொள்வார். பிறகு டீலரிடம் எழுத்துமூலம், அவருடைய கணக்கை வண்டியிலிருந்து நீக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆர்.சி. அவர் பெயரில் இருந்தால் இழுத்தடிப்பார்கள். வக்கீல் மூலம் போங்கள். கலிஃபோர்னியாவில் இந்தத் துன்பத்துக்கென்றே 2024இல் சட்டம் போட்டார்கள்: உரிய சான்றோடு கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கம்பெனி அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நம் சட்டமன்றத்தில் யாராவது இதைக் கையில் எடுத்தால் அவருக்காக இந்தப் பக்கம் முழுவதையும் தருகிறேன்.

கே: செகண்ட் ஹேண்டில் ஒரு கனெக்டட் கார் பார்த்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

ப: டயர், இன்ஜின் எல்லாம் உங்கள் மெக்கானிக் பார்ப்பார். நீங்கள் விற்பவரின் ஃபோனைப் பாருங்கள். அவருடைய ஆப்பில் அந்த வண்டி இருக்கும் வரை, கதவைத் திறக்கவும் இடத்தைப் பார்க்கவும் அவரால் முடியலாம். காரை விற்றுப் பல ஆண்டுகள் கழித்தும் தன் ஃபோனில் அந்த வண்டி தெரிவதை ஐ.பி.எம். பாதுகாப்பு நிபுணர் ஒருவர் 2017இல் மேடையிலேயே சொன்னார். உங்கள் எதிரிலேயே அவர் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கட்டும். டச் ஸ்கிரீனில் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். அது மட்டும் போதாது. சர்வரில் பழைய பெயர் இருக்கும். சாவியும் ஆர்.சி.யும் கைமாறும் அன்றே கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, சேஸிஸ் எண்ணைச் சொல்லி, பழைய கணக்கு நீங்கியதற்கு மின்னஞ்சல் வாங்குங்கள். அது வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.